கன்னத்தின் உள்தோலை எடுத்து மூத்திரக் குழாயில் வைப்பார்களாம். சரி, அப்புறம் வாய் என்ன ஆகும்?

பறளியாறு · 8 ஜூலை, இரவு 10.15

மக்களே, கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்கிறேன். வயது 38, ஊர் திருவட்டாறு பக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பைக்கில் இருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள் மூத்திர டியூபோடு கிடந்தேன். கால் சரியாகிவிட்டது. ஆறேழு மாதம் கழித்து மூத்திரம் நூல் மாதிரி வர ஆரம்பித்தது. முக்கி முக்கிப் போகணும், போய் முடித்தாலும் பாக்கி இருக்கும்.

ஸ்ட்ரிக்சர் என்றார்கள். குழாய்க்குள் தழும்பு விழுந்து சுருங்கியிருக்கிறதாம். கேமரா விட்டு இரண்டு தடவை வெட்டினார்கள், இரண்டு தடவையும் வருஷம் திரும்புவதற்குள் பழைய கதைதான். இப்போது மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்ததில் 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு அடைப்பு. இனி வெட்டிப் பிரயோஜனம் இல்லை, கன்னத்தின் உட்பக்கத் தோலை எடுத்துக் குழாயை அகலப்படுத்திவிடலாம் என்கிறார் டாக்டர். யூரெத்ரோபிளாஸ்டி. கீழே என்ன செய்வார்கள் என்று படம் போட்டு அரைமணி நேரம் விளக்கினார், நல்ல மனுஷன். வாய் என்ன ஆகும் என்று கேட்டதற்கு மட்டும் 'அது ஒரு வாரத்தில் ஆறிடும்' என்று ஒரே வரி.

நான் பேண்ட் செட்டில் டிரம்பெட் வாசிக்கிறவன். கல்யாணமும் கோயில் திருவிழாவும்தான் சோறு போடுகிறது. கன்னம் போனால் பிழைப்பு போச்சு. செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

முட்டம்கடல் · 8 ஜூலை, இரவு 11.40

தம்பி, எனக்கு இரண்டு வருஷம் முன்னால் செய்தது. படகில் இருந்து இறங்கும்போது சறுக்கி, காலிரண்டும் இரண்டு பக்கம் போக விளிம்பில் உட்கார்ந்த கேஸ். அதை நினைத்தால் இப்பவும் வயிறு கலங்கும்.

மயக்கம் தெளிந்து எழும்போது கீழேதான் வலிக்கும் என்று பல்லைக் கடிக்கப் பார்த்தேன். கடிக்க முடியவில்லை. இடது கன்னம் முழுப்பாக்கை அடக்கியது மாதிரி வீங்கிக் கிடந்தது. எச்சில் விழுங்கினால் ரத்த ருசி. முதல் நாள் ஐஸ் தண்ணீரும் இளநீரும், அதுவும் வலது பக்கமாகச் சரித்து ஊற்றித்தான். இரண்டாம் நாள் ஆறின கஞ்சித் தண்ணீர். நான்காம் நாள் மட்டிப்பழத்தை மசித்துக் கொடுத்தாள் வீட்டுக்காரி. நம்ம ஊரில் பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கிற பழம்தானே, தொண்டைக்குள் தானாக இறங்கிவிடும். ஒரு வாரம் கழித்து ஆசை தாங்காமல் மீன்குழம்பு கேட்டேன். அவள் துண்டு மீனைக் குழம்பில் இருந்து எடுத்து, தண்ணீரில் கழுவி, முள் எடுத்து வைத்தாள். கடலில் பிறந்தவன் கழுவின மீன் தின்றேன், வேறென்ன சொல்ல.

யாரும் சொல்லாத ஒரு விஷயம் சொல்கிறேன். வலி பத்துப் பன்னிரண்டு நாளில் போய்விட்டது. தையல் நூல் கரைந்து விழுந்த பிறகுதான் இறுக்கம் ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் காலையில் கொட்டாவி விட்டால் கன்னத்துக்குள் யாரோ கயிறு பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும். வாயைத் திறந்து பழகச் சொல்லியிருந்தார்கள், நான் சோம்பல் பட்டேன். இரண்டு விரல்தான் நுழைந்தது. அப்புறம் பயந்து தினமும் பயிற்சி செய்து, மூன்று விரல் நுழைய நாலு மாதம் ஆனது. இப்போது மிச்சம் இருப்பது கடைவாய் ஓரம் ஒரு ரூபாய் அளவு மரத்துப்போன இடம். அவசரமாகச் சாப்பிட்டால் அந்த இடத்தைக் கடித்துவிடுவேன், அவ்வளவுதான்.

மூத்திரம் அருவி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மருந்துவாழ்மலை · 9 ஜூலை, காலை 6.20

வாயைக் கிழித்துக் கீழே ஒட்டுவது என்ன வைத்தியமோ. சிறுநெருஞ்சில் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு, மூக்கிரட்டைக் கீரை என்று 48 நாள் இருந்தால் கத்தி தேவைப்படாது.

தக்கலை சிஸ்டர் · 9 ஜூலை, காலை 8.05

அண்ணாச்சி, நீங்கள் சொல்கிறதெல்லாம் மூத்திரம் நன்றாகப் பிரிவதற்குக் குடிப்பது. இவருக்குப் பிரிவதில் குறை இல்லை, போகிற வழி தழும்பால் சுருங்கியிருக்கிறது. கஷாயம் குடித்து வெட்டுக்காயத் தழும்பு மறைந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? அடைப்பு இருக்கும்போது மூத்திரத்தைக் கூட்டினால் பை உப்பி, கிட்னிக்குத்தான் கேடு.

தம்பி, நான் யூராலஜி தியேட்டரில் ஏழு வருஷம் நின்றவள். நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போது வாயில் நடப்பதைச் சொல்கிறேன், தெரிந்திருந்தால் பயம் குறையும்.

வாயில் வேலை செய்ய இடம் வேண்டுமே, அதனால் பெரும்பாலும் மூச்சுக் குழாயை மூக்கு வழியாகப் போடுவார்கள். எழுந்த பிறகு இரண்டு நாள் மூக்கும் தொண்டையும் கரகரப்பது அதனால்தான். ரத்தம் வயிற்றுக்குள் இறங்காமல் தொண்டையில் ஈரத்துணி அடைத்திருக்கும். முடிவில் அதை எடுத்தாகிவிட்டதா என்று சத்தமாகச் சொல்லிக் கணக்குப் பார்ப்போம். வாய்க்குத் தனி டிரே, கீழுக்குத் தனி டிரே. ஒன்றில் உள்ள கத்திரி மற்றதுக்குப் போகாது.

கன்னத்தில் மார்க்கர் பேனாவால் வரைந்து, மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து ஊசி போடுவார்கள். சவ்வு தோசை மாதிரி மேலே எழும்பும், ரத்தமும் குறையும். பிறகு வெட்டி எடுத்து, பலகையில் ஊசி குத்தி விரித்து, அடியில் ஒட்டியிருக்கிற கொழுப்பையும் சதையையும் கத்திரியால் சுரண்டி எடுப்பார்கள். அது மிச்சம் இருந்தால் போய் ஒட்டுகிற இடத்தில் ரத்தம் ஊறாது. முதல் இரண்டு நாள் அந்தத் துண்டு சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும், அதற்கடுத்த இரண்டு நாளில் ரத்தக் குழாய்கள் வந்து சேரும். அதனால்தான் உங்களைக் கட்டிலை விட்டு இறங்கவிடமாட்டோம்.

ரத்தக்கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் நாள் ராத்திரியில் வரும். துணி வைத்து அழுத்தினால் அடங்கும், எப்போதாவது மறுபடி தையல் போட வேண்டியிருக்கும். இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கோதையாறு · 9 ஜூலை, மதியம் 1.30

கன்னத்தைத் தைத்தார்களா, திறந்து விட்டார்களா என்று முட்டம் அண்ணனிடம் கேளுங்கள். என் தம்பிக்குத் திறந்துதான் விட்டார்கள். வெள்ளையாக ஆடை கட்டி, சீழ் என்று நாங்கள் பயந்து ஓடினோம். அது ஆறுகிற அடையாளமாம். அவனுக்கு இறுக்கமே இல்லை. திறந்து விடுவதுதான் சரி என்பேன்.

முட்டம்கடல் · 9 ஜூலை, மாலை 5.10

தைத்ததுதான். அப்போ அதனால்தான் இறுகியதா?

மார்த்தாண்டம் பல்டாக்டர் · 9 ஜூலை, இரவு 9.50

ஒரு தம்பிக்கு நடந்ததை வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். தைப்பதா விடுவதா என்று பல வருஷமாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒரு ஆய்வில் தைத்தவர்களுக்கு வலி அதிகம், இன்னொன்றில் வித்தியாசமே இல்லை. எடுத்த துண்டு அகலமாக இருந்தால் இழுத்துத் தைக்கும்போது இறுகும், ஒடுக்கமாக இருந்தால் தைத்தால் சீக்கிரம் ஆறும், ரத்தமும் கசியாது. எடுக்கிறவரின் கையைப் பொறுத்தது. இறுக்கம் பெரும்பாலும் தழும்பு சுருங்குவதால் வருகிறது, அதற்குப் பயிற்சிதான் மருந்து.

டிரம்பெட் தம்பிக்கு முக்கியமான சங்கதி. கன்னத்தின் சுவரில் பக்சினேட்டர் என்று ஒரு தசை இருக்கிறது. ஊதும்போது கன்னம் உப்பாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அந்த லத்தீன் பெயருக்கே கொம்பு ஊதுகிறவன் என்றுதான் அர்த்தம்! எடுக்கப்போகிற சவ்வு அந்தத் தசைக்கு மேலே படுத்திருக்கிறது. தசையைத் தொடாமல் சவ்வை மட்டும் உரித்தால் உங்கள் தொழிலுக்கு ஆதாரம் பத்திரம். கத்தி ஆழமாகப் போனால் ரத்தமும் அதிகம், தழும்பும் கெட்டி. ஆகவே நீங்கள் டிரம்பெட் வாசிப்பவர் என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. நாக்கின் நுனியால் மேல்வரிசையில் இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கு எதிரே கன்னத்தைத் தடவிப் பாருங்கள், கடுகளவு மேடு தட்டுப்படும். காதுக்கு முன்னால் இருக்கும் எச்சில் சுரப்பியின் வாய் அது. சவ்வை எடுப்பதற்கு முன் அதைக் கண்டுபிடித்து, ஒதுக்கி வைத்துத்தான் கோடு போட வேண்டும். அதில் தையல் மாட்டிக்கொண்டால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எச்சில் வெளியே வர வழியில்லாமல் கன்னம் வீங்கும். தெரிந்தவர்கள் கையில் இது அபூர்வம். உதட்டு ஓரத்துக்குக் கிட்டவும் வரக்கூடாது, வாய் கோணும்.

கீழுதட்டின் உட்பக்கத்தில் இருந்து எடுப்பதாகச் சொன்னால் மட்டும் நீங்கள் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தருகிற நரம்பு அங்கேதான் கிளை பிரிகிறது. உதட்டில் எடுத்தவர்களுக்கு மரப்பும் வலியும் கன்னத்தை விட நீண்ட நாள் இருக்கும். ஊதுகொம்பின் வாயை வைக்கிற இடமே அது.

குலசேகரம் அக்கா · 10 ஜூலை, காலை 10.25

என் வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுகிறவர். விடியற்காலை மூன்று மணிக்கு ஹெட்லைட் கட்டிக்கொண்டு போகும்போது வாயில் வெற்றிலை பாக்கு புகையிலை இல்லாமல் போகமாட்டார். பதினேழு வயசில் பிடித்த பழக்கம். இந்த ஆபரேஷனுக்குப் போனோம். டாக்டர் கீழே பார்ப்பதற்கு முன்னாலேயே 'வாயைத் திறங்க' என்றார். இவருக்கு இரண்டு விரல்கூட நுழையவில்லை. கன்னம் உள்ளே வெளுத்து, தொட்டால் பழைய ரப்பர் ஷீட் மாதிரி விறைத்திருந்தது. இதை எடுத்து வைத்தால் பிடிக்காது, இருக்கிற வாயும் மூடிப்போகும் என்று சொல்லிவிட்டார். காரக்குழம்பு சாப்பிடும்போது எரிகிறது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் வயிற்றுப்புண் என்று நினைத்தோம்.

ஒரு துண்டைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பி, புற்று இல்லை என்று வந்த பிறகு, நாக்கின் பக்கவாட்டு அடியில் இருந்து எடுத்தார்கள். மூன்று வாரம் 'ர' வரவில்லை. 'ரப்பர்' என்பதை 'லப்பல்' என்பார், பிள்ளைகள் சிரிக்கும். இப்போது பேச்சு சரியாகிவிட்டது, நாக்கை முழுசாக நீட்டினால் ஒரு பக்கம் லேசாகச் சாய்கிறது.

பாக்கை விட்டுவிட்டார் என்று சொல்ல ஆசை. குறைத்திருக்கிறார்.

கமுகந்தோட்டம் · 10 ஜூலை, மதியம் 12.45

எல்லாப் பழியும் பாக்கு மேல். என் அம்மை 88 வயது வரை வெற்றிலை போட்டாள், ஒரு பல் போகவில்லை. கடையில் விற்கிற பாக்கெட் சாமான்தான் கேடு. நம்ம தோட்டத்துப் பாக்கு என்ன செய்யும்?

மார்த்தாண்டம் பல்டாக்டர் · 10 ஜூலை, இரவு 10.30

அம்மைக்கு நீண்ட ஆயுசு, சந்தோஷம். ஆனால் மாமா, கன்னம் விறைக்கிற இந்த நோய்க்குக் காரணமே பாக்குதான், புகையிலைகூட வேண்டியதில்லை. பாக்கைத் தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்டது. பாக்கெட் சாமான் அதை வேகமாக்குகிறது, அதனால்தான் குட்காவை 2013இல் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். நம்ம மண்ணுக்கு இது புதுசும் இல்லை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்த பெண்டால் 1908இலேயே திருவிதாங்கூர் புற்றுநோய் பற்றி 1,700 கேஸ்களைத் தொகுத்து எழுதினார், வாய்தான் அதில் முன்னால் நிற்கிறது. அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்காத குடும்பம் நம்ம பக்கத்தில் குறைவு.

அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்குக் கன்னம் வெளுத்திருப்பதை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு டெஸ்டில் இல்லை என்று வந்ததோடு விட்டுவிடக்கூடாது.

பழைய பேப்பர் · 11 ஜூலை, இரவு 8.00

ஏன் வாய்த்தோல் என்று ஒருவரும் கேட்கவில்லையே. முன்பு உடம்பின் வெளித்தோலை எடுத்து வைத்தார்கள். அதில் முடி முளைக்கும், கல் படியும், எப்போதும் ஈரத்தில் ஊறி நைந்துபோகும். குறி நுனியில் வெள்ளை படர்ந்து இறுகுகிற தோல்நோய் உள்ளவர்களுக்கு, வைத்த தோலையும் அதே நோய் பிடிக்கும். வாய்ச்சவ்வு பிறவியிலேயே ஈரத்தில் இருப்பது, முடி கிடையாது, மேல்படலம் தடிமன், அடிப்பாகம் மெல்லிசு. கியேவ் நகரத்தில் சபேஷ்கோ என்ற டாக்டர் 1890இலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. 1990களில்தான் உலகம் திரும்பப் பிடித்தது. நம்ம நாட்டுக் கையும் உண்டு: ஆக்ராவில் அசோபா, புனேயில் குல்கர்ணி ஆகிய இருவரின் வழிமுறைகளை வெளிநாட்டு டாக்டர்களும் பெயர் சொல்லிச் செய்கிறார்கள்.

இத்தாலியில் பார்பக்லி குழு ஒரே கன்னத்தில் இருந்து எடுத்த 350 பேரைக் கேட்டு 2010இல் எழுதினார்கள். தேவைப்பட்டால் மறுபடியும் சம்மதிப்பீர்களா என்றதற்கு மிகப் பெரும்பாலோர் ஆம் என்றிருக்கிறார்கள். டிரம்பெட் வாசிப்பவர்கள் அதில் எத்தனை பேர் என்று கேட்டுவிடாதீர்கள்.

பறளியாறு · 19 ஜூலை, இரவு 9.20

டாக்டரிடம் போனேன். டிரம்பெட் என்றதும் பேனாவை வைத்துவிட்டார். 'இதை முதலிலேயே சொல்லக்கூடாதா' என்று திட்டு. உதட்டைத் தொடமாட்டேன், ஒரு கன்னம் போதும், அகலம் குறைவாக எடுக்கிறேன் என்றார். எந்தப் பக்கம் என்று என்னையே கேட்டார்! வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் ஊதிப் பார்த்தேன். எனக்குக் காற்று வலது பக்கம்தான் கொஞ்சம் அழுத்தமாக நிற்கிறது. அதனால் இடது.

முட்டம் அண்ணன் விரல் கணக்குச் சொன்னதால் வாய் எவ்வளவு திறக்கிறது என்று ஸ்கேல் வைத்து இப்போதே அளந்துவிட்டேன். 46 மில்லிமீட்டர். ஒரு சொத்தைப் பல்லை அடைத்து, கிளீனிங்கும் செய்தாகிவிட்டது. பாக்கு பழக்கம் எனக்கு இல்லை, திருவிழா ராத்திரிகளில் பீடா போடுவது உண்டு. அதையும் சொல்லிவிட்டேன்.

பறளியாறு · 24 ஆகஸ்ட், மாலை 4.00

21ஆம் தேதி முடிந்தது. பேச வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, பேச முடியவில்லை. டைப் செய்யலாம். அண்ணன் சொன்ன பாக்கு உவமை அச்சு அசல். இரண்டாம் நாள் ராத்திரி தலையணையில் ரத்தம் பார்த்து அம்மை சத்தம் போட்டாள். வார்டு சிஸ்டர் வந்து துணியைச் சுருட்டிக் கன்னத்தில் வைத்து இருபது நிமிஷம் அழுத்தச் சொன்னார், நின்றுவிட்டது. மூன்று நேரமும் மவுத்வாஷ் கொப்பளிக்கிறேன். கஞ்சி வாசனை பிடிக்காமல் போய்விட்டது. நுங்கு சீசன் முடிந்ததுதான் பெரிய வருத்தம்.

குலசேகரம் அக்கா · 24 ஆகஸ்ட், இரவு 7.15

தம்பி, கஞ்சியில் சிறுபயறு நன்றாக வேகவிட்டு, கருப்பட்டி கரைத்து ஆறவைத்துக் குடியுங்கள். உப்பு எரியும், இனிப்பு எரியாது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்ச வேண்டாம், கன்னம் உள்ளே இழுக்கும்.

பறளியாறு · 15 செப்டம்பர், காலை 11.00

டியூப் எடுத்தாகிவிட்டது, 24 நாள். மருந்து ஏற்றிய எக்ஸ்ரேயில் கசிவு இல்லை. முதல் தடவை போகும்போது சத்தம் கேட்டு நானே திடுக்கிட்டேன். மூன்று வருஷம் கழித்துக் கேட்கிற சத்தம்.

வாய் 28 மில்லிமீட்டர். அண்ணன் சொன்ன கயிறு இழுக்கிறது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு இடையில் வைத்து, வாரத்துக்கு ஒன்று கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது பதினைந்து. குனிந்து தரையில் எதையாவது எடுத்தால் எச்சில் இடது ஓரம் வழிகிறது, எனக்கே தெரிவதில்லை.

முட்டம்கடல் · 15 செப்டம்பர், இரவு 9.00

குச்சியை விடாதே தம்பி. நான் விட்டேன், அனுபவித்தேன். எச்சில் தானாகச் சரியாகும்.

பறளியாறு · 5 டிசம்பர், இரவு 8.40

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். பத்தாவது வாரம் டாக்டர் ஊத அனுமதி கொடுத்தார், முதலில் வாய்க்கட்டை மட்டும், ஐந்து நிமிஷம். கீழ் சுரங்கள் வந்தன. சத்தம் கூட்டினால் இடது கன்னம் உப்புகிறது, தசை பலவீனம் இல்லையாம், அந்தப் பக்கம் மரத்திருப்பதால் உப்புவது எனக்குத் தெரிவதில்லை. அதனால் கண்ணாடி முன்னால் நின்று ஊதுகிறேன். மேல் ஸ்தாயி இன்னும் கிட்டவில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு எங்கள் செட் போனது, டிசம்பர் 3 தேருக்குப் பின்னால் நானும் நடந்தேன், கையில் சிம்பல். மாஸ்டர் அரைச் சம்பளம்தான் தந்தார். வழியில் இரண்டு தடவை ஒண்ணுக்குப் போய்விட்டு, ஓடிவந்து வரிசையில் சேர்ந்துகொண்டேன். போன வருஷமென்றால் பத்து நிமிஷம் சுவரோரம் நின்றிருப்பேன்.

வாய் 41.

குலசேகரம் அக்கா · 5 டிசம்பர், இரவு 9.05

தம்பி, ஸ்கேலை எந்தப் பல்லில் இருந்து எந்தப் பல் வரை வைத்து அளப்பது? இவருக்கும் பார்க்கணும்.

பறளியாறு · 5 டிசம்பர், இரவு 9.12

மேல் முன்பல் நுனியில் இருந்து கீழ் முன்பல் நுனி வரைக்கும் அக்கா. தூங்கி எழுந்ததும் அளந்தால் குறைவாகக் காட்டும். ஒரு சாயா குடித்துவிட்டு, நாலு தடவை திறந்து மூடச் சொல்லிவிட்டு அளந்து பாருங்கள்.